வேப்பமரத்தடியில் நான் பார்த்தது

2017 கோடையில் எங்கள் வாசகர் வட்டத்தில் சூனியக்காரிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நூலகத்து மாடி அறை, பதினெட்டுப் பேர். அமெரிக்காவில் எழுதப்படும் அமானுஷ்ய நாவல்களில் சூனியக்காரி எப்படி வருகிறாள் என்பது தலைப்பு. இருபது வருடங்களுக்கு மேலாக நான் தேடித் தேடிப் படித்த வகை அது. பேச்சின் முடிவில், 1692-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலத்தில் சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட பெண்களை உயிரோடு எரித்தார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாற்காலிகளை மடக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாப் பேசினீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. சேலத்துல யாரையும் எரிக்கலை. தூக்குல போட்டாங்க. அங்க நடந்தது இங்கிலாந்துச் சட்டம். அந்தச் சட்டத்துல சூனியத்துக்குக் கயிறுதான். நெருப்பெல்லாம் ஸ்காட்லாந்து, ஜெர்மனி பக்கம்" என்றார். குத்திக்காட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. பேரனுக்குக் கணக்குத் திருத்திக் கொடுப்பவர்போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. 19 பேர் தூக்கில் இறந்தார்கள்: 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் நெஞ்சின்மேல் கல் ஏற்றி நசுக்கப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே மாண்டார்கள். எந்தப் பதிவிலும் தீ இல்லை. அப்படியானால் என் மனத்தில் இத்தனை வருடம் எரிந்துகொண்டிருந்த தீயை மூட்டியது யார் என்று யோசித்தேன். நான் நேசித்த நாவல்கள்தான்.

ஆன் ரைஸ் எழுதி 1990-ல் வந்த 'தி விட்ச்சிங் அவர்' நாவலை, வங்கி வேலைக்குச் சேர்ந்து சென்னையில் மகளிர் விடுதியில் தங்கிய முதல் வருடம் வாங்கினேன். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், அட்டை கிழிந்த தடிப் புத்தகம், முப்பது ரூபாய். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மாளிகையில் வாழும் மேஃபேர் குடும்பம். ஸ்காட்லாந்தில் எரிக்கப்பட்ட ஒருத்தியில் தொடங்கி, தாயிடமிருந்து மகளுக்கு என்று இறங்கி வரும் பதின்மூன்று சூனியக்காரிகள். தலைமுறைக்கு ஒரு பெண், குடும்பத்தின் பெருஞ்சொத்து அவளுக்கே. கல்யாணம் ஆனாலும் மேஃபேர் என்ற பெயரை விட மாட்டாள். விடுதியில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். குளியலறை வராந்தாவில் எரியும் ஒற்றை விளக்கடியில், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அதைப் படித்து முடித்தேன்.

பிறகு நிற்கவில்லை. சேலத்தில் குற்றம் சாட்டப்பட்ட டிட்யூபாவைப் பற்றி மரீஸ் கோந்தே பிரெஞ்சில் எழுதிய நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். பின்னாளில், 2020-ல் ஒரே வருடத்தில் வந்த இரண்டு நாவல்கள்: அலெக்ஸிஸ் ஹெண்டர்சனின் 'தி இயர் ஆஃப் தி விட்ச்சிங்', அலிக்ஸ் ஹாரோவின் 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் விட்ச்சஸ்'. முதல் நாவலில், தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் ஆளும் ஊர். அதன் எல்லையில் ஓர் இருண்ட காடு. அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது என்று வளர்க்கப்பட்ட இம்மானுவேல் என்ற பெண்ணுக்கு, அதற்குள்ளிருந்து செத்துப்போன தாயின் நாட்குறிப்பு வந்து சேர்கிறது. இரண்டாவதில், 1893-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடுகிறவர்களோடு மூன்று சகோதரிகள் மந்திரத்தையும் மீட்டெடுக்கிறார்கள். இந்தக் கதைகளில் ஊர் ஒதுக்கிய பெண்ணிடம் சக்தி இருக்கிறது. அவமானப்பட்டவள் திரும்பி வருகிறாள். இவர்கள் நிஜமாகவே சூனியக்காரிகளாக இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆசைப்பட்டேன். அந்த ஆசையின் வேர் எது என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

வரலாற்று ஆசிரியர் திருத்திய பிறகு எனக்கு நானே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நாவல் படித்தால், அது எந்த மண்ணில் முளைத்ததோ அதைப் பற்றிய ஒரு வரலாற்று நூல் அல்லது சமூக ஆய்வு நூல். முதலில் ஸ்டேசி ஷிஃப் 2015-ல் எழுதிய சேலம் வரலாறு. அதன் பின் மேரி பெத் நார்ட்டனின் 2002-ஆம் வருடத்து நூல். சேலத்துக்கு வடக்கே மெய்ன் எல்லையில் வபனாக்கி பழங்குடியினரோடு நடந்த போர்தான் அந்தப் பீதிக்கு அடியில் கிடந்தது என்று அவர் காட்டுகிறார். புகார் சொன்ன பெண்களில் சிலர் அந்தப் போரில் பெற்றோரைப் பறிகொடுத்து, யார் வீட்டிலோ வேலைக்காரிகளாக இருந்தவர்கள். எரிந்த வீடுகளைக் கண்ணால் பார்த்தவர்கள். பேயைப் பார்த்ததாக அவர்கள் சொன்னபோது உடம்பு நடுங்கியது நடிப்பு மட்டும் இல்லை.

பாயர், நிசன்பாம் இருவரும் 1974-ல் எழுதிய நூல் வேறு பக்கம் போகிறது. வரிப் பட்டியல்கள், மனுக்களில் உள்ள கையெழுத்துகள், நிலத் தகராறுகள் என்று தோண்டி எடுத்து, புட்னம் குடும்பத்துக்கும் போர்ட்டர் குடும்பத்துக்கும் நடந்த நெடுநாள் பகையின் மேல் இந்த வழக்குகளை வைத்துப் பார்க்கிறது. அவர்கள் வரைந்த வரைபடத்தில் பிழைகள் இருப்பதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் பட்டாவையும் பத்திரத்தையும் திறந்து வைத்துக்கொண்டு பேயை விசாரிக்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நூல்தான்.

அடுத்து கேரல் கார்ல்சன், 1987. நியூ இங்கிலாந்தில் சூனியக்காரி என்று பெயர் வாங்கிய பெண்கள் யார் யார் என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். அண்ணன் தம்பியோ மகன்களோ இல்லாத பெண்கள் அதில் கணிசம். அதாவது, சொத்து ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்கு ஒழுங்காகக் கைமாற விடாமல் நடுவில் நின்றவர்கள். அந்த அத்தியாயத்தின் பாதியில் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். நான்கு மாதம் அதைத் தொடவில்லை.

ஏனென்றால் அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நானும் சேலம் மாவட்டத்துக்காரிதான். இரண்டு ஊருக்கும் பெயர் ஒன்று, அதற்கு மேல் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரியப்பா 1981-ல் மஞ்சள் காமாலையில் போனார். பிள்ளைகள் இல்லை. பாகப் பிரிவினையில் கிணற்றோடு சேர்ந்த இரண்டரை ஏக்கர் அவர் பங்குக்கு வந்திருந்தது, அது பெரியம்மாவிடம் நின்றது. எங்களுடையது மேட்டுக்காடு, வானம் பார்த்த பூமி. பெரியம்மா தானே ஆள் வைத்து வெள்ளாமை பார்த்தாள். சந்தைக்குப் போய்விட்டு வரும்போது எனக்கு அம்புலிமாமா வாங்கி வருவாள். கதை படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அவள் கையால்தான்.

1983. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் வீட்டில் கறவை எருமை செத்தது. ஒன்றரை வயதுத் தம்பிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ஒரு தடவை வலிப்பும் வந்தது. பெரியம்மா கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அப்பா குறி கேட்கப் போனார். "உங்க காட்டுக்குள்ளயே வைப்பு வெச்சிருக்கு, பொம்பளை கை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி அப்பாயி என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அரிக்கேன் விளக்கு. அப்பா, அம்மா, சித்தப்பா, சின்னம்மா எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்: "காலையில வேப்பமரத்தடியில பெரியம்மா என்னத்தைப் பொதச்சா கண்ணு? நீ பாத்தியாமே?"

பெரியம்மாவை நான் காலையில் வேப்பமரத்தடியில் பார்த்தது உண்மை. கையில் களைக்கொத்து, முழங்கை வரை ஈரமண். அதை அம்மாவிடம் போகிற போக்கில் சொல்லியும் இருந்தேன். ஆனால் "பொதச்சா" என்ற சொல் அப்பாயியுடையது. கேள்விக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

"ஆமா" என்றேன்.

"என்னது கண்ணு?"

"ஒரு மூட்டை. துணியில கட்டி."

"என்ன துணி?"

"செகப்பு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் வாயடைத்து என் வார்த்தைக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதினொரு வயது. "செகப்பு" என்று சொன்ன நொடியில் அந்தத் துணி என் கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் அதை நான் பார்த்ததாகவே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அமாவாசையன்று வைப்பு எடுக்கும் ஆள் வந்தார். வேப்பமரத்தடியில் தோண்டச் சொல்லி, குழிக்குள் கையை விட்டு, ஆணி அடித்த எலுமிச்சம்பழமும் செப்புத் தகடும் எடுத்துக் காட்டினார். சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது. துணியின் நிறத்தை எங்கள் வீட்டார்தான் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்று யோசிக்கும் அறிவு அன்று யாருக்கும் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் ஆத்தூர் டாக்டர் போட்ட ஊசியில் இறங்கியது. வைப்பு எடுத்ததால் இறங்கியது என்றார்கள்.

ஊர் பெரியம்மா வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தியது. அவள் காட்டுக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் வெளியிலேயே நின்று, "நீயா சொன்னே, கண்ணு?" என்று கேட்டாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். 1984 தை மாதம், சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, தம்மம்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கிணறு எங்களுடையதானது. மரவள்ளி போட்டோம். கிழங்கு லாரியில் ஏறி சேகோ ஆலைக்குப் போகும். அந்தப் பணத்தில்தான் நான் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படித்தேன்.

இரண்டாம் வருடம் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' பாடம். 1953-ல் அரங்கேறிய நாடகம். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில், சேலத்து ஆவணங்களைப் படித்துவிட்டு மில்லர் எழுதியது. ஆபிகேல் வில்லியம்ஸ் அதில் பதினேழு வயதுப் பெண், ஜான் ப்ராக்டரின் மேல் ஆசை வைத்துப் பழி சொல்கிறவள். வகுப்பில் ஆபிகேலை வெறுத்தும் ப்ராக்டருக்காகக் கண்ணீர் விட்டும் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நிஜத்தில் ஆபிகேலுக்குப் பதினொரு வயது, ப்ராக்டருக்கு அறுபது. வயதைக் கூட்டியதை மில்லரே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார், நான்தான் அதைக் கவனித்துப் படிக்கவில்லை. பதினேழு வயது ஆபிகேல் எனக்கு வசதியாக இருந்தாள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் என்னைத் தொடாதது.

வரலாற்று நூல்களில் அந்த வசதி கிடைக்கவில்லை. நீதிபதி ஜான் ஹாத்தோர்ன், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணிடம் நீ செய்தாயா என்று கேட்பதில்லை. இந்தப் பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய் என்றுதான் கேட்கிறார். அப்பாயியின் கேள்வியும் அப்படித்தான் இருந்தது. பிரிட்ஜெட் பிஷப் என்பவரைத்தான் முதலில், 1692 ஜூன் 10 அன்று தூக்கிலிட்டார்கள். முன்பு அவர் குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரில், ஊசி குத்திய துணிப் பொம்மைகள் கிடைத்ததாக வேலையாட்கள் சாட்சி சொன்னார்கள். படித்தபோது எலுமிச்சம்பழமும் ஆணியும் கண் முன்னால் வந்தன. டாரதி குட் என்ற சிறுமிக்கு நாலைந்து வயதுதான் இருக்கும். அம்மா தனக்கு ஒரு குட்டிப் பாம்பு கொடுத்ததாக விசாரணையில் சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தையைச் சங்கிலியில் போட்டார்கள், தாயைத் தூக்கில் போட்டார்கள்.

ரெபெக்கா நர்ஸ் வழக்கை இரண்டு முறை படித்தேன். 71 வயது, காது மந்தம், படுக்கையில் கிடந்தவர். அண்டை வீட்டார் 39 பேர் அவர் நல்லவர் என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஜூரி முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னது. உடனே புகார் சொன்ன பெண்கள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டோட்டன், கிழவி வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை மறுபடி யோசிக்கச் சொன்னார். ஜூரித் தலைவர் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார். ரெபெக்காவுக்குக் கேள்வி காதில் விழவில்லை. அவர் பேசாமல் நின்றதே குற்றமாயிற்று. ஜூலை 19 அன்று அவரையும் இன்னும் நான்கு பெண்களையும் தூக்கிலிட்டார்கள்.

இதில் நாவல்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வருடம் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கு மேடை ஏறவில்லை. டிட்யூபா முதலில் மறுத்தாள், பிறகு மஞ்சள் பறவையும் கறுப்பு நாயும் பாஸ்டனிலிருந்து வந்த உயரமான மனிதனும் என்று அவர்கள் கேட்க விரும்பியதையெல்லாம் சொன்னாள். அவள் பிழைத்தாள். சாமுவேல் வார்ட்வெல் ஒப்புக்கொண்டு, பிறகு அது பொய் என்று வாபஸ் வாங்கினார். அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் ரெபெக்கா நர்ஸ் தன் வீட்டுக் கட்டிலில் செத்திருப்பார். 'இல்லை' என்ற ஒரு சொல்லைத்தான் அவர் உயிரைக் கொடுத்துக் காத்தார். முந்நூறு வருடம் கழித்து நாம் நாவல் எழுதி, அவர்கள் சூனியக்காரிகள்தான், சக்தி உள்ளவர்கள்தான் என்று போற்றும்போது, அந்த ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொள்கிறோம். புகார் சொன்னவர்கள் எதைச் சொன்னார்களோ அதையே அன்போடு சொல்கிறோம்.

என் ஆசையின் வேர் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாவலில் வரும் பெண்கள் நிஜமாகவே மந்திரம் தெரிந்தவர்களாக இருந்தால், பெரியம்மாவும் எதையோ புதைத்திருக்கலாம். பெரியம்மா புதைத்திருந்தால் நான் பொய் சொல்லவில்லை. இருபது வருடமும் ஆயிரக்கணக்கான பக்கமும் நான் தேடிப் போனது அந்த விடுதலையைத்தான்.

இதற்காக நான் நாவல்களை விட்டுவிடவில்லை. டிட்யூபா பதின்மூன்று மாதம் சிறையில் கிடந்தாள், கைதிகளின் சாப்பாட்டுக்கும் விலங்குக்கும் அவர்களிடமே காசு வாங்கினார்கள், அந்தக் காசைக் கட்ட அவளுடைய எஜமானரான பாதிரியார் பாரிஸ் மறுத்தார் என்று வரலாறு சொல்கிறது. அதோடு வரலாற்றில் அவள் சுவடு மறைந்துவிடுகிறது. 'இந்தியப் பெண்' என்று, அதாவது அமெரிக்கப் பழங்குடி என்று, ஆவணங்கள் குறிக்கும் அவளைப் பின்னால் வந்தவர்கள் மெல்ல மெல்ல வூடூ மந்திரக்காரியாக மாற்றினார்கள். கோந்தேயும் அவளுக்கு மந்திரம் கொடுக்கிறார். ஆனால் அந்தச் சிறையின் குளிரையும் தனிமையையும் அவரைப்போல வேறு யாரும் எனக்குக் காட்டவில்லை. அதை மறுபடி படித்தபோதுதான், தம்மம்பட்டியில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் பெரியம்மா படுத்த முதல் ராத்திரியை நான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். அதற்கு முன் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

இந்தப் படிப்பில் எதிர்பாராத ஒரு திருப்பமும் வந்தது. சேலம் விசாரணைகளுக்கு ஆதரவாக எழுதிய காட்டன் மேத்தர் என்ற பாதிரியார், 1718-ல் எலிஹு யேலுக்குக் கடிதம் எழுதி, கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு உதவி கேட்டார், கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கலாம் என்றும் சொன்னார். யேல் நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர், பதவி போனது அதே 1692-ல். அவர் அனுப்பிய சரக்கை விற்ற பணம் அந்தக் கல்லூரியின் கட்டடத்துக்கு உதவியது, அந்தக் கல்லூரிதான் இன்று யேல் பல்கலைக்கழகம். அந்தப் பணம் மதராசில் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வியை அங்கே கேட்கத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான். என் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்பதை நானும் அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

இன்றைய சேலத்தைப் பற்றிப் படிக்கும்போது மனது கனத்துப் போகிறது. போலீஸ் வாகனத்தில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி சின்னம், பள்ளி விளையாட்டு அணிக்குப் பெயர் 'விட்ச்சஸ்', அக்டோபர் முழுக்கத் திருவிழாக் கூட்டம். தூக்கிலிட்ட இடம் எது என்று 2016-ல்தான் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்: ப்ராக்டர்ஸ் லெட்ஜ் என்ற பாறைச் சரிவு, இன்று ஒரு மருந்துக் கடையின் பின்புறம். அடுத்த வருடம் அங்கே நினைவுச் சுவர் எழுப்பினார்கள். புகார் தொடங்கிய கிராமம் 1752-லேயே பெயரை டான்வர்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

பழைய காலத்தோடு அது முடியவும் இல்லை. நான் அரிக்கேன் விளக்கடியில் பதில் சொன்ன அதே 1983-ல், கலிபோர்னியாவில் மேக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பொம்மைகளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குழந்தைகள் சுரங்கப் பாதை என்றார்கள், சாத்தான் சடங்கு என்றார்கள். 1990-ல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒருவர் வளர்ந்து பெரியவராகி, 2005-ல் தான் சொன்னது பொய் என்று நாளிதழில் பகிரங்கமாகச் சொன்னார். பெரியவர்கள் எந்தப் பதிலை விரும்பினார்களோ அதைக் கொடுத்தேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில் அதைப் படித்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மூடி வைத்தேன்.

ஆன் புட்னமுக்கு 1692-ல் பன்னிரண்டு வயது. பலர் மீது சாட்சி சொன்னவள், ரெபெக்கா நர்ஸ் மீதும். பெற்றோர் இருவரும் 1699-ல் இறந்துபோக, தம்பி தங்கைகளை அவள்தான் வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1706 ஆகஸ்டில், அதே கிராமத்துத் தேவாலயத்தில், சபை முழுதும் பார்க்க எழுந்து நின்றாள். அவள் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்ததைப் பாதிரியார் வாசித்தார். சாத்தானின் மயக்கம், கோபத்தில் சொல்லவில்லை என்று அதில் ஒரு சாக்கு இருக்கிறது. ஆனால் ரெபெக்கா நர்ஸையும் அவருடைய இரண்டு சகோதரிகளையும் குறிப்பிட்டுச் சொல்கிறாள். ரெபெக்காவின் உறவினர்கள் அந்தச் சபையில் இருந்திருப்பார்கள். பாஸ்டனில் நீதிபதி சாமுவேல் ஸீவால் 1697-லேயே அப்படி எழுந்து நின்றிருந்தார். தலைமை நீதிபதி ஸ்டோட்டன் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

என் பெரியம்மா 2006-ல் இறந்தாள். சாவுக்குப் போனேன், மாலை போட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாயி, அப்பா, அம்மா யாரும் இப்போது இல்லை. எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னபோது, "அப்ப நான் கைப்புள்ளை, இப்ப எதுக்குக்கா அதைக் கிளறிக்கிட்டு?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். சில மாதங்கள் சும்மா இருந்தேன்.

2022 ஜூலையில் ஒரு செய்தி படித்தேன். எலிசபெத் ஜான்சன் என்ற பெண் 1693-ல் தண்டிக்கப்பட்டு, தூக்குக்குத் தப்பிப் பிழைத்தவர். 1711-லும் 1957-லும் 2001-லும் ஒவ்வொரு கட்டமாக மற்றவர்களின் பெயரையெல்லாம் களங்கமற்றது என்று அரசு அறிவித்தது. அவர் பெயர் மட்டும் விடுபட்டுக்கொண்டே வந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வழி வந்தவர்கள் என்று வந்து கேட்க ஆள் இல்லை. கடைசியில் மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து ஆவணங்களைப் படித்து, மனு எழுதி, சட்டமன்றத்தின் மூலம் அந்தப் பெயரைத் துடைத்தார்கள். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள்.

பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவளுக்காக வந்து கேட்க யாரும் இல்லை. எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் அந்த இடத்தை "வைப்பு எடுத்த காடு" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் இதை அவர்கள் படிக்கும்படி என் பெயரோடு எழுதுகிறேன்.

1983-ல், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வேப்பமரத்தடியில் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் மூட்டை இல்லை. சிவப்புத் துணி இல்லை. களைக்கொத்தால் குழி பறித்து, ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு, கிணற்றிலிருந்து சொம்பில் கொண்டு வந்த தண்ணீரை ஊற்றினாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.